மரம் வெட்டியவர் தந்த கற்றாழை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் எங்கள் பேருந்து பாதி வழியில் நிற்கிறது. இடஒதுக்கீடு கேட்டுப் போராடுபவர்கள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். ஒதுங்க நிழல் இல்லை. வெயிலில் என் கைகள் எரிகின்றன. தனியாளாகக் காவல் நிற்கும் இளம் போலீஸ்காரருக்குப் பின்கழுத்து வெந்து சிவந்திருக்கிறது.

அதைப் பார்த்த போராட்டக்காரர் ஒருவர், வேலியோரச் சோற்றுக்கற்றாழையை அரிவாளால் அறுத்து, மஞ்சள் பாலை வடியவிட்டு, தோலைச் சீவுகிறார். உள்ளிருக்கும் சோற்றைத் தண்ணீரில் அலசி நீட்டுகிறார்.

"தடவிக்குங்க சார். எரிச்சல் கம்மியாயிடும்."

"நீங்க மரத்த வெட்டாம இருந்தா எனக்கு இது இன்னாத்துக்குங்க?"

"வெட்டலன்னா எங்கள யாரு சார் திரும்பிப் பாக்கறாங்க?"

போலீஸ்காரர் வாங்கிக் கழுத்தில் தடவிக்கொள்கிறார். எனக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது, கை குளிர்கிறது.

சற்று நேரத்தில் போலீஸ் வேன் வருகிறது. அதில் வந்த அதிகாரிகள் போராட்டக்காரர்கள் எல்லோரையும் கைது செய்யச் சொல்கிறார்கள்.

"ஏறுங்கண்ணே," என்கிறார் போலீஸ்காரர், கற்றாழை தந்தவரின் முகத்தைப் பார்க்காமல்.

அரிவாளைக் கொடுத்துவிட்டு ஏறியவர் ஜன்னல் வழியாகச் சொல்கிறார்:

"கழுத்துல ஈரத்துணி சுத்திக்கினு வாங்க சார். நாளைக்கும் மறியல் இருக்குது."