நான் குடிகாரன், அக்கா அம்மன்

என் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. இதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு எரிச்சல். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு உலைப் பக்கம் வேலை. காலை ஷிப்டுக்குப் போய் கேட்டில் நிற்கும்போது முகம் திடீரென்று பற்றிக்கொண்டு எரியும். கழுத்திலிருந்து காதுவரைக்கும் சூடு ஏறும். என் கறுப்பு முகத்திலும் செம்மண் பூசியதுபோல் தெரியும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் அதற்குள் செக்யூரிட்டி பார்த்துவிடுவார்.

"இன்னா, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா? ஊது."

ஊதுவேன். நாற்றம் எதுவும் இருக்காது. "இன்னா சரக்குய்யா இது, வாசனையே வர்ல?" என்று அவர் கேட்க, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். வேலை நடுவில் நான் கக்கூசுக்கு ஓடுவதற்கும் குடியைத்தான் காரணம் சொன்னார்கள். குடல் வெந்துபோச்சாம்.

கம்பெனியாவது பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் என்னை எல்லோருக்கும் முன்னால் முழங்கால் போட வைத்தார். தலையில் கையை வைத்து அழுத்தி, "மதுவின் ஆவியே, இந்த மகனை விட்டு வெளியே போ!" என்று முழங்கினார். என் மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் குடிக்கவே மாட்டேன்!" என்று கத்தினேன். கத்தியதில் முகம் இன்னும் சிவந்தது. பாருங்கள், ஆவி பேசுகிறது என்றார்கள்.

டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? புதுவாயலில் ஒருவர் கேஸ் என்றார். பொன்னேரியில் ஒருவர் டென்ஷன் என்று மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு உலைக்கு முன்னால் தூங்கி விழுந்தேன். கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், சின்ன வயது டாக்டரம்மா ஒருவர்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "முகம் சிவக்கும்போது கூடவே வயிறும் போகுமா?" அதற்குமுன் யாரும் இரண்டையும் சேர்த்துக் கேட்டதில்லை.

சிறுகுடலில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது. ரொம்ப அபூர்வமான புற்றுநோய், அந்தக் கட்டி ரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒன்றுதான் முகத்தைச் சிவக்க வைக்கிறது என்றார். முழுசாகப் போகாது, ஆனால் மாதம் ஒரு ஊசி போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார். புற்றுநோய் என்றதும் எனக்குப் பயம் வரவில்லை. "இதை என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம்" என்றேன்.

பயம் பிறகு வந்தது. மார்பில், வாயில், ரத்தத்தில் என்றால் எல்லோருக்கும் ஒரு சித்தியோ மாமாவோ இருக்கிறார்கள், பிழைத்த கதையோ செத்த கதையோ சொல்வார்கள். என் நோய்க்கு யாரிடமும் கதை இல்லை. நியூரோ என்று தொடங்கும் நோயின் பேரைச் சொன்னால், "நியூரோன்னா நரம்புதானே, நரம்பு டாக்டராண்ட போ" என்றான் என்கூட வேலை செய்கிறவன். உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் இது வந்திருக்கிறதோ என்று நினைத்தே வெந்துபோனேன்.

அந்த அக்காவைப் பார்த்தது ஊசி போடும் அறைக்கு வெளியே. ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குக் கழுத்திலிருந்து காதுக்குச் சிவப்பு ஏறியது. கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்த சிவப்பு அது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, காதாண்ட சூடு ஏறுதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கும் வருமா தம்பி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அழுதேன், வெட்கமே இல்லை.

ஆரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. சொந்த நெல் வயல் உள்ள குடும்பம். "என்னைக் குடிகாரன்னாங்க. உங்கள இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சாமின்னாங்க."

ஆடி மாதம் கோயிலில் பம்பை அடிக்கும்போது முகம் சிவந்து மூச்சு வாங்கியிருக்கிறது. கையில் வேப்பிலையைக் கொடுத்து, அம்மன் வந்துவிட்டாள் என்று காலில் விழுந்துவிட்டார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் கூட்டம், குறி கேட்க. வயிறு நிற்காமல் போனதால் அவராகவே பஸ் ஏறி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஒரே நோய், ஒரே ஊசி. எனக்கு முழங்கால், அவருக்குக் கற்பூரம்.

மாதா மாதம் ஒரே நாளில் வர ஆரம்பித்தோம். எதைத் தின்றால் வயிறு போகும், எந்த பஸ்ஸில் போனால் வழியில் இறங்க முடியும் என்று பேசிக்கொள்வோம். அப்படிப் பேச ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குப் பாதி நோய் குறைந்த மாதிரி இருந்தது. திடீரென்று அக்கா வருவது நின்றுபோனது. போன் செய்தால் அவருடைய கணவர் எடுத்தார். "ஊசி போட்டதுலருந்து சாமியே வர்ல. ஊரே கேக்குது. ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று வைத்துவிட்டார்.

ஊசியை விட்டால் இதய வால்வு கெட்டுவிடும் என்று டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். லீவு போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

அந்த வீட்டில் என்னை உள்ளே கூப்பிடவில்லை. களத்தில் நாற்காலி போட்டார்கள். அக்காவின் கணவர் எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்தார், எனக்குப் பேப்பர் கப். எங்கள் தாத்தா இந்த மாதிரி வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் கப்புக்கு எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். அவர் மூஞ்சியில் ஊற்றலாமா என்று நினைத்தேன். அக்காவுக்காகக் குடித்தேன். நான் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "அது எங்க ஊட்டு விசயம், நீ கெளம்புப்பா" என்றார் அவர்.

பைக்வரை வந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "உனக்கு ஊசி போட்டா குடிகாரன் போய் மனுசன் வந்துட்டான். எனக்குப் போட்டா சாமி போயிடும். அப்புறம் நான் யாரு தம்பி? சாமி வர்றதுக்கு முன்ன இந்த ஊட்ல என்னைய சாப்ட்டியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"செத்துட்டா மட்டும் கேப்பாங்களா?" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஆத்திரம்.

அடுத்த ஊசி நாளில் அக்கா வந்தார். கூடவே கணவர், கையில் அக்காவின் பை. அவர் சீட்டுப் போட வரிசைக்குப் போனதும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"வெள்ளிக்கெழம முகம் எரிஞ்சிச்சு. எல்லாரும் கும்பிட்டுக்கினு நின்னாங்க. அவரும்தான். இந்தப் பொம்பளைய மாசா மாசம் ஊசிக்குக் கூட்டிக்கினு போடா, தவறுனா இந்த ஊட்டுப் பக்கமே வர மாட்டேன்னு சொல்லிட்டேன்." புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "போடான்னுட்டேன் தம்பி."

"சொன்னது நீங்களா, அம்மனா?"

"யாரோ சொன்னாங்க. கேட்டாரு இல்ல?"

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதர் டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை, ஸ்கேனைக் காட்டியும் கேட்கவில்லை. கட்டிய மனைவி உடம்பு முடியவில்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. ஒரு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர, அக்கா அம்மனாக வேண்டியிருந்தது.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். கணவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தணிந்த குரலில் கேட்டார்.

"இந்த ஊசிய தொடர்ந்து போட்டா, அம்மன் இனிமே வராதா?"

"வராது."

"அப்போ ஊட்ல?"

"ஊட்ல உங்க பொண்டாட்டி உயிரோட இருப்பாங்க. அது போதாதா?"

நான் கேட்டது புரியாதவராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.