கிணற்றுக்காரருக்கு வாங்கிய ரப்பர் குல்லா

1968 டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். காற்றே இல்லை, பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, நான் வாங்கித் தந்த கறுப்பு ரப்பர் குல்லாவைக் கிணற்றுக்காரர் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி முகம் மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாபா, கெணத்துல கரடி எறங்குது!" என்றார். குல்லாவுக்குள்ளிருந்து அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கிணற்றில் விழுந்த குடம், வாளி, மூக்குத்தி எதுவானாலும் மூழ்கி எடுத்துத் தருவது அவர் தொழில். பக்கத்துக் கிராமமான ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார். கிணற்றுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கர், வயது இருபத்தெட்டு. எதையும் எண்ணாமல் விடமாட்டேன். அவர் நீருக்குள் இருக்கும் நேரத்தையும் எண்ணுவேன். ஒரு தடவைகூட ஐம்பதைத் தாண்டியதில்லை.

மழை முடிந்து கிணறு நிரம்பியிருக்கும் மார்கழியில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே சில்லிட்டுப்போகும். அந்தக் குளிர்தான் அவர் காதைப் பதம் பார்த்தது. "மார்கழி, தை ரெண்டு மாசமும் ஊசி வெச்சிக் குத்துற மாதிரி இருக்குது சார். அதுக்குன்னு எறங்காம இருந்தா வூட்ல அடுப்பு எரியாது" என்று ஒருநாள் சொன்னார். காதை மூடும் ரப்பர் குல்லா சென்னையில் கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

அளவு நாடாவை எடுத்தபோது அவர் தயங்கினார். மகனுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு இரண்டு வருடமாக முடி வளர்த்திருந்தார். "பத்து நாள்ல மலைக்குப் போய் முடி எறக்கிட்டு வந்துடறேன் சார். அப்புறமா அளவு எடுத்தா ஆவாதா?"

"நாளைக்கே மெட்ராஸ் போறேண்ணே. முடி என்ன பெரிய அளவா?" என்றேன். சுற்றளவை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் இருபத்து நான்கே கால் அங்குலம். அந்த ஒற்றுமையில் எனக்கு எவ்வளவு திருப்தி!

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடை. கடைக்கார பாய் முதலில் மெல்லிய குளியல் தொப்பியைக் காட்டினார். அதில் காது மூடவில்லை. பிறகு மூன்று கறுப்புக் குல்லாக்களை எடுத்துப் போட்டார். குளிர்தேசத்துக் கடலில் வெள்ளைக்காரர்கள் பலகை மேல் நின்று அலையில் ஏறி விளையாடுவார்களாம், அதற்குப் போட்டுக்கொள்வதாம். சிறியது, நடு, பெரியது. நான் எடுத்த அளவுக்குப் பெரியதுதான் சரியாக வந்தது. "சார், இது சட்டை மாதிரி இல்ல. தலையைக் கவ்விப் புடிக்கணும். தண்ணி உள்ள பூந்துச்சோ, குல்லா போட்டும் பிரயோஜனம் இல்ல. ஆளைக் கூட்டிக்கினு வாங்களேன்" என்றார் பாய். நான் அளவு குறித்திருந்த சீட்டைக் காட்டினேன். "மூணு தடவை அளந்தது பாய்." அவர் பதினெட்டு ரூபாயை வாங்கிக்கொண்டு பெரியதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மலைக்குப் போய்விட்டு மொட்டைத் தலையும் சந்தனமுமாக அவர் வந்தார். குல்லாவை மாட்டினால் விரலால் தள்ளியதும் சுழன்றது. மறுபடி சென்னைக்குப் போய் நடு அளவை மாற்றி வாங்கியிருக்கலாம். அளவு தவறிவிட்டது என்று அந்தக் கடைக்காரரிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை. வீட்டிலிருந்த பட்டுக் கழிவு நூலைச் சுருட்டி, உள்ளே இரண்டு பக்கமும் திணித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நனைந்த பட்டு எப்படி அடங்கி வழுக்கிப்போகும் என்று நெசவு வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று நினைக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று எங்கள் கிணற்றில் வாளி தானாக விழவில்லை. குல்லா வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையில், விடியற்காலையில் கயிற்றை அவிழ்த்து நானே வாளியைப் போட்டுவிட்டு அவருக்கு ஆள் அனுப்பினேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. "இந்தப் பனியில ஏங்க அவரை எறக்கறீங்க, வெயில் வரட்டுமே" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் மூழ்கினார். எண்ணத் தொடங்கினேன். ஐம்பது. அறுபது. எழுபதில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்து நான்கில் தலை மேலே வந்தது. குல்லா ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு கண்ணை மூடியிருந்தது. வலது காதுப் பக்கம் ரத்தம். ஒரு கை கல்லைப் பற்றியிருந்தது. இன்னொரு கையில் வாளி.

"திடீர்னு ஒரு காதுல மட்டும் ஜில்லுனு பூந்துச்சி சார். மேல எது, கீழ எதுன்னே தெர்ல. செவுத்தத் தடவிக்கினே வந்தேன்" என்றார்.

திடீரென்று தண்ணீர் அடித்ததில் செவிப்பறை கிழிந்திருந்தது. இனி தண்ணீருக்குள் தலையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் வலியோடு இறங்கும் கஷ்டத்தைத் தீர்க்கப் போய், பன்னிரண்டு மாதமும் இறங்க முடியாமல் செய்துவிட்டேன். அவர் பாலாற்றில் மணல் அள்ளப் போனார். கூப்பிட்டால் இடது காதைத் திருப்பிக்கொண்டு "ஆங்?" என்பார்.

பங்குனியில் முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். வாளி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். இடது காதுப் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாளியைத் தொட்டதுமே தெரிஞ்சிடுச்சி சார். கயிறு அறுந்து வுழுந்த வாளின்னா வளையத்துல முடிச்சு இருக்கும். உங்க வாளியில ஒண்ணுமே இல்ல. இத்தினி வருசம் இதானே என் பொழப்பு."

"அப்போ ஏண்ணே அன்னிக்கே கேக்கல?"

"இன்னாத்தக் கேக்கறது? நல்லதுக்குன்னுதான் செஞ்சீங்க."

நோட்டுகளை நீட்டினேன். தொடவில்லை. ஒரு முழுக்குக்கு அவர் வாங்குவது இரண்டு ரூபாய். அன்றைய அவசரத்தில் அதை நான் கொடுக்க மறந்திருந்தேன். "வாளியை எடுத்துக் குடுத்தேன் இல்ல? அதுக்கு உண்டானதக் குடுங்க, போதும்" என்றார். சில்லறை இல்லாமல் முந்நூறோடு போயிருந்த நான், பெட்டிக்கடையில் நோட்டை மாற்றி வந்து கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

எனக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. ஒரு மனிதரின் காதையும் தொழிலையும் பறித்ததற்கு எனக்கு ஆன மொத்தச் செலவு: குல்லாவுக்குப் பதினெட்டு, முழுக்குக்கு இரண்டு. ஆக, இருபது ரூபாய்.