டைட்டில் ஸ்பான்சர் வந்த ஆண்டு

கம்பெனி நிறம் மாறியபோது அதன் கையேட்டைப் படிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அத்தா, அதாவது என் அப்பா, குரோம்பேட்டையில், ரயில் பாதைக்குக் கிழக்கே, பார்சல் கம்பெனி ஒன்றின் ஏஜென்சி நடத்துகிறார். கீழே கடை, மேலே வீடு. கம்பெனியின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. "பாய் கடைல குடுத்துட்டு வா" என்பார்கள். பழைய பச்சைப் பலகை மழையில் வெளுத்து, அதிலிருந்த பறவைக்கு ஓர் இறக்கை மட்டும் மிஞ்சியிருந்தபோதும் வியாபாரம் குறையவில்லை.

நான் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்தவள். பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் மருத்துவக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. எதையும் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக டிக் அடித்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் அந்தக் கையேடு எனக்குப் பிடித்தே இருந்தது. மாற்ற வேண்டியவை: பெயர்ப்பலகை, ஷட்டர், எடைமேடைக்குப் பின்னாலுள்ள சுவர், ஒட்டும் டேப், டெலிவரி அண்ணன்களின் சட்டை, அவர்களுடைய வண்டிப் பெட்டி. எல்லாம் செங்கல் நிறத்துக்கு. அந்த நிறத்துக்கு ஓர் எண்ணும் இருந்தது. பெயிண்ட் கடைக்காரர் எண்ணைப் போட்டு நிறத்தைக் கலக்கிக் குச்சியில் எடுத்துப் பார்த்தார்.

"இது செங்கல் இல்லமா. மீன் கொழம்பு."

"கம்பெனி இதத்தான் கேக்குது அண்ணா."

"கேக்கட்டும். நாலு வெயில் பாத்தா எல்லாம் ஒரே கலர்தான்" என்று டப்பாவை மூடிக் கொடுத்தார்.

கையேட்டின் கடைசிப் பகுதி ஸ்பான்சர்ஷிப் பற்றியது. ஒவ்வொரு ஏஜென்சியும் தன் வட்டாரத்தில் ஒரு விளையாட்டுப் போட்டியைக் கம்பெனியின் பெயரில் நடத்த வேண்டும், செலவு கம்பெனியுடையது. அதன் கீழே, லோகோ எதனோடெல்லாம் சேர்ந்து வரக்கூடாது என்று இருந்தது. கட்சி, மதம், சாதி, மது, விபத்து, இறப்பு. இறப்பு என்பதற்குள் அஞ்சலி, நினைவு நிகழ்ச்சி ஆகியவையும் அடங்கும் என்று ஒரு குறிப்பு. அந்த வரியில் என் பேனா நின்றது.

என் அண்ணன் ஒரு மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டான். கல்லூரி முடித்துக் கடையில் அத்தாவுக்கு உதவியாக இருந்த சமயம். பார்சல்களை அடுக்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் கேரம் போர்டில்தான். அவன் போன மறு ஆண்டு அவனுடைய நண்பர்கள் சேர்ந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் நலச்சங்கக் கூடத்தில் அவன் பெயரால் ஒரு நினைவுக் கேரம் போட்டி தொடங்கினார்கள். பேனரில் நீளமான தலைப்பு இருக்கும். வாயில் அது சுருங்கிவிடும். பம்மலிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் ஆட வருகிறவர்கள் அவன் பெயரை மட்டும் சொல்லி, "அதுல செமி வரைக்கும் போனேன்" என்பார்கள். போன வருடம் அதில் தோற்றதாகவும், அடுத்த வருடம் அதில் ஜெயிக்கப் போவதாகவும் சொல்லிக்கொள்வார்கள். அவனைப் பார்த்தே இராத பிள்ளைகள் அவர்கள். ஏதோ ஓர் ஊரின் பெயரைப் போல அவன் பெயர் புழங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் மட்டும் புழங்கவில்லை. அத்தா "அவன்" என்பார். நான் "அண்ணன்" என்பேன். அம்மா எதுவுமே சொல்ல மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அவனைப் பல்லாவரம் கபரஸ்தானில் அடக்கம் செய்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அத்தா போய்விட்டு வருவார். அவர் செருப்பைக் கழற்றும்போது, அவர் காலில் ஒட்டிய மண்ணை அம்மா பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இருந்தது அந்தப் போட்டிதான். நடக்கிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் மொட்டை மாடியிலேயே இருப்பார். வீட்டிலுள்ள போர்வை, திரை, தலையணை உறை எல்லாம் அன்றைக்குத்தான் துவைக்கப்படும். அவற்றைக் கொடியில் போட்டு, திருப்பி, மறுபடி திருப்பி, மடித்து, மடித்ததைப் பிரிப்பார். எதிர்க்கூடத்தின் மைக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அண்ணனின் பெயர் வரும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்தில் மைக்கை அணைப்பார்கள். பிறகு திரும்பவும் வரும். யாராவது சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வருடத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கம்பெனியின் கிண்டி ஆபீஸிலிருந்து பிராண்டு டீம்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். செங்கல் நிறச் சட்டை. வந்ததும் பலகையையும் ஷட்டரையும் படம் எடுத்துக்கொண்டு, அத்தாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், உங்க கேரம் டோர்னமெண்ட் பத்தி ஏரியா பூரா சொல்றாங்க. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கவே வேணாம். இதையே எடுத்துக்கலாம். நாங்கதான் டைட்டில் ஸ்பான்சர். போர்டு, டிரஸ், கப், சாப்பாடு எல்லாம் எங்களுது."

"பேரு?" என்றார் அத்தா.

"பேர் எங்களுதாதான் சார் இருக்கணும். மேடம் கைடு படிச்சிருப்பாங்களே."

என்னைப் பார்த்தார்கள். "நினைவுன்னு வரக்கூடாதுன்னு இருக்கு அத்தா" என்றேன். "கீழ சின்னதா போட முடியுமான்னு பாத்தேன். அதுக்கும் இடமில்ல."

டீம்காரர் கெட்டவர் இல்லை. முகம் வாடித்தான் போனது. "சாரி சார். எனக்குப் புரியுது. ஆனா மேல ஒத்துக்க மாட்டாங்க. பார்சலத் தொறந்தா சந்தோஷம் வரணும்ங்கிறதுதான் எங்க பிராண்டே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, வட்டாரத்தில் ஏஜென்சிகளைக் குறைக்கப் போகிறார்கள் என்றும், போட்டி நடத்துகிற கடைகளைத் தொட மாட்டார்கள் என்றும் சொன்னார். அது மிரட்டல் இல்லை, உதவியாகத்தான் சொன்னார்.

அத்தா அன்று மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அம்மா அவர் தட்டில் மீன் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"பேனர்லேருந்து எடுக்குறாங்களா?"

"ஆமா."

"எடுக்கட்டும். அது துணிதானே. மைக்குல சொல்லுவாங்கல்ல?"

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மைக்குலயும் கம்பெனி பேருதான்."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"கடை வேணும்ல."

"வேணும்தான்" என்றார் அம்மா. அவர் கோபப்பட்டிருந்தால் அத்தாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு வேலைகள் வந்தன. அவற்றை நான் பார்த்துக்கொண்டேன். பேனர் கடையில் எப்போதும் சென்ற வருட ஃபைலைத் திறந்து, வருடத்தை மட்டும் மாற்றுவார்கள். இந்த முறை தலைப்பையும் மாற்ற வேண்டும் என்றேன். டிசைன் செய்பவர் கணினித் திரையில் அண்ணனின் பெயர் இருந்த அடுக்கின் மேல் ஒரு தட்டு தட்டினார். பெயர் மறைந்தது.

"டெலிட் பண்ணிட்டீங்களா?"

"இல்லக்கா, ஆஃப்தான் பண்ணேன். கெடக்கட்டும், எடம் அடைக்காது."

நான் சரி என்றேன். லோகோவைச் சுற்றிக் கையேடு சொன்ன அளவுக்கு வெற்றிடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இருந்தது.

சனிக்கிழமை காலையில் கூடம் அடையாளமே தெரியவில்லை. ஆட வந்த எல்லோருக்கும் செங்கல் நிற டீ-ஷர்ட். தண்ணீர் பாட்டிலில் லோகோ, போரிக் பவுடர் டப்பாவில் லோகோ. புது போர்டுகளின் நடு வட்டத்திலேயே பெரிய ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் மைக் பிடிக்கிற அண்ணன் இடுப்பில் கை வைத்தார். என் அண்ணனின் நண்பர்களில் அவர்தான் மிக நெருக்கம். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் ஆண்டிலிருந்து மைக் அவரிடம்தான்.

"இன்னா சார் இது? நடுவுல ஸ்டிக்கர ஒட்டிகினு கீறீங்க. காய் எப்டி ஓடும்?"

"மேலேருந்து கேமரா வைக்கிறோம் அண்ணா. அதுல அதான் தெரியும்" என்றார் பிராண்டு டீம்காரர்.

"ஆடப்போறது கேமராவா? வுட்டா ரெட் காய்லயே உன் போட்டோவ ஒட்டுவ போல."

எல்லோரும் சிரித்தார்கள், டீம்காரரும்தான். நகத்தால் சுரண்டி ஸ்டிக்கர்களை எடுத்துச் சட்டத்தின் மேல் ஒட்டினோம். பிறகு டீம்காரர் மைக்குக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்தார். கம்பெனியின் பெயரும் போட்டியின் புதுத் தலைப்பும் அதில் பெரிய எழுத்தில் இருந்தன. "ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி இத முழுசா சொல்லிடுங்க அண்ணா."

மைக் அண்ணன் தொண்டையைச் செருமி, வணக்கம் சொல்லி, வந்தவர்களை வரவேற்று, "நம்ம" என்று தொடங்கியவர் நேராக என் அண்ணனின் பெயரைச் சொல்லிவிட்டார்.

நான் கூடத்து வாசலில் நின்றிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் கொடிக்குப் பின்னால் அம்மாவின் கை தெரிந்தது. போர்வை நுனியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது.

"சாரி சார். பழக்கதோஷம்" என்றார் அவர். அட்டையைப் பார்த்துத் திருத்திச் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கும் அண்ணனின் பெயர்தான் வந்தது. அதற்கடுத்ததில் முதல் எழுத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். டீம்காரர் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, மெதுவாக அட்டையைக் காட்டினார். "இன்னா பேஜாரா கீது. ஒத்த பேர எத்தினி வருஷம் சொல்லிகினு கீறேன். வாய் கேக்க மாட்டேங்குது சார்" என்று இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மதியம் ளுஹர் தொழுகையின் பாங்குக்கு மைக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டபோதும் ஒரு தடவை தவறினார்.

மாலைக்குள் அவருக்குச் சரியாக வந்துவிட்டது. அட்டையைப் பார்க்காமலே சொன்னார். கம்பெனியின் பெயரைச் சற்று இழுத்து, கடைசியில் ஏற்றி, கேட்க நன்றாகவே இருந்தது. டீம்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் வீட்டுக்குப் போனபோது துணிகள் கொடியிலேயே இருந்தன. அம்மா உள்ளே, தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தார். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் வாசலுக்கு வெளியேயும் நின்றது. கோவிலம்பாக்கத்துக்காரர் ஒருவரும் திருநீர்மலையிலிருந்து வந்த ஒருவரும் மோதுகிறார்கள். அத்தா முன்வரிசையில், கம்பெனி அதிகாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டிருந்தார்.

அம்மா படியிறங்கி வருவதை முதலில் பார்த்தது நான்தான். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து நேராகக் கூடத்துக்குள் வந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் அங்கே வந்ததில்லை. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அத்தா எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். அம்மா யாரையும் பார்க்காமல் மைக் மேசையருகே போய் நின்றார்.

மைக் அண்ணன் எழுந்துவிட்டார். "இன்னாமா, நீங்க எதுக்கு எறங்கி வந்தீங்க? சொல்லி அனுப்பிருந்தா நானே வந்திருப்பேனே."

"ஏம்ப்பா, அவன் பேர நீயும் சொல்ல மாட்டேங்குற."

மைக் திறந்திருந்தது. அம்மாவின் குரல் கூடம் முழுக்கவும், வெளியே தெருவிலும் கேட்டது. முதலில் அம்மாவுக்கு அது தெரியவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்கதான்மா நடத்துறாங்க. நேத்து அவ்ளோ தப்பு பண்ணிட்டேன். பாய்க்குக் கடைல எதுனா ஆயிடப் போவுதுன்னு…"

"தெரியும்ப்பா. கடை அப்பிடியே இருக்கட்டும். உன்ன மைக்குல சொல்லச் சொல்லல" என்றார் அம்மா. "அத அணைச்சுட்டுச் சொல்லு. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

டீம்காரர் இரண்டடி முன்னால் வந்தார். பிறகு நின்று, கையில் இருந்த போனைப் பார்க்கத் தொடங்கினார். மைக் அண்ணன் பித்தானை அழுத்தினார். ஸ்பீக்கரில் இருந்த இரைச்சல் நின்றது. வெறும் வாயால் அண்ணனின் பெயரைச் சொன்னார். போட்டியின் பெயராக இல்லை. தெருமுனையில் நிற்கிற ஒருவனைப் பார்த்து, இங்கே வாடா என்று சொல்வதற்கு முன்னால் கூப்பிடுவோமே, அந்த மாதிரி. பாதியில் குரல் உடைந்தது. முழுதாக இன்னொரு முறை சொன்னார்.

அம்மா கேட்டுக்கொண்டார். தலையை லேசாக அசைத்தார். அழவில்லை.

"சரிப்பா. ஆட்டத்தை நடத்து. பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். நாங்கள் தெருவைக் கடப்பதற்குள் ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டு உயிர் பெற்றது. மைக் அண்ணன் இறுதி ஆட்டத்தை அறிவித்தார். கம்பெனியின் பெயரை, அட்டையில் இருந்தபடியே, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். அம்மா படியில் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தார்.