வேப்பிலை கட்டி ஒளிந்திருந்த பதினொரு நாள்

எழுபதுகளின் நடுவில், திருகோணமலைத் துறைமுகத்தில் நான் பாரம் தூக்கும் வின்ச் இயக்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. கப்பலில் தேயிலைப் பெட்டி ஏற்றும்போது வடம் அறுந்து, பெட்டிகள் என் இடுப்பில் வந்து மோதின. ஆஸ்பத்திரியில் பெத்தடின் ஊசி போட்டார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், அந்த வலிக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு விழுங்கக் கோடீன் குளிசைகளைக் கையில் தந்தவர்கள், அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எலும்பு மூன்று மாதத்தில் பொருந்திவிட்டது. குளிசை ஒன்றரை வருடம் ஓடியது. ஆஸ்பத்திரியில் இனித் தர ஏலாது என்றதும், கண்டி ரோட்டில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஓர் அப்போதிக்கரியிடம் போகத் தொடங்கினேன். வயதான மனிதர். ஒன்றும் கேட்கமாட்டார். என் தலை தெரிந்ததும் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைப்பார்.

ஒரு நாள் வின்சில் இருந்தபடியே மயங்கிப்போனேன். கண் திறந்துதான் இருந்தது, கைதான் வேலை செய்யவில்லை. பெட்டிகள் சரசரவென்று இறங்கி, கப்பலின் கிடங்குக்குள் நின்ற இரண்டு பேரின் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றன. பிரேக்கைப் பிடித்தது நான் இல்லை, பக்கத்தில் நின்றவன். அவன் மேலதிகாரியிடம் போகாமல் நேரே என் மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பெண் டாக்டரிடம் விசாரித்தாள். ஆளை வார்ட்டில் சேர்க்கச் சொன்னாராம். நான் மாட்டேன் என்று கத்தினேன். சேர்ந்தால் துறைமுகத்துக்குத் தெரியவரும். குளிசைக்காரனை வின்சில் ஏற விடமாட்டார்கள். கடைசியில் அந்த டாக்டர், நாளுக்கு நாள் குறைத்துக் கொடுக்கச் சொல்லிக் கொஞ்சக் குளிசைகளை மனைவியின் கையில் கொடுத்தார். ஆளை வெளியே விடாதே, கண்டவர்களை உள்ளே விடாதே என்றும் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடு இருந்த குறுகலான ஒழுங்கையில் கண்டவர்களை உள்ளே விடாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. மனைவி வாசல் படலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். அதைக் கண்டால் வீட்டில் அம்மாள் போட்டிருக்கிறது, கொப்புளிப்பான் என்று எல்லோருக்கும் விளங்கும். ஒருவரும் படலை திறக்கமாட்டார்கள். வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர்களுக்காக என் முகத்திலும் கையிலும் மஞ்சளை அரைத்து அப்பினாள்.

"அம்மாளின்ர பேரில பொய் சொல்லுறாய். பயமில்லையோ?"

"உங்கட வின்சுக்குக் கீழ நிண்டவங்களுக்கும் அம்மாள் இருக்கிறா" என்றாள்.

முதல் நாளே, அவள் குசினி அடுப்படியில் நின்ற நேரம் பார்த்து அலுமாரியைக் கிளறி, அவ்வளவு குளிசையையும் விழுங்கிவிட்டேன். வெறும் பொட்டலத்தைப் பார்த்தவள் அழவில்லை. "இனி ஒண்டும் இல்லை. நீங்களாத் தேடினது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் பின்னேரம் தொடங்கியது. முதலில் கொட்டாவி. பிறகு தும்மல், மூக்காலும் கண்ணாலும் தண்ணீர். வெயில் கொளுத்த எனக்கு மயிர் சிலிர்த்தது. வயிறு கரைந்து ஓடியது. எல்லாவற்றையும் விடக் கால்தான். ஒரு இடத்தில் கிடக்காது. எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி. பாயில் படுத்தால் உதைக்கும், எழும்பி நடந்தால் உட்காரச் சொல்லும், கதிரையில் இருந்தால் சுவரை உதைக்கும். ஆறிப்போன இடுப்பு வலி புதிதாய் வந்தது போல் குத்தியது. ஒழுங்கைச் சனங்கள் வேலியோரம் இளநீர் வைத்துவிட்டு, "அம்மாள் குளிரட்டும்" என்று சொல்லிப் போனார்கள். அவர்களை எல்லாம் நான் உள்ளே கிடந்து தூஷணத்தால் ஏசினேன்.

நாலாம் நாள் காலை மனைவி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்க, பின்வேலியைப் பிரித்து வெளியே பாய்ந்தேன். கண்டி ரோட்டுப் பஸ்ஸில் ஒரு கால் வைத்ததும் கொண்டக்டர் அலறினான்.

"இறங்கு, இறங்கு! அம்மாள் போட்ட உடம்போட ஆரும் பஸ்ஸில ஏறுவானோ?"

முகத்து மஞ்சள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மைல் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் ரோட்டின் மற்றப் பக்கம் மாறினார்கள். டிஸ்பென்சரியின் மர வாங்கில் இருந்த நாலைந்து பேர் என்னைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு வெறி பிடித்தது. போட்டிருந்த சேட்டைக் கழற்றி எறிந்தேன்.

"இஞ்ச பாருங்கோ, ஒரு கொப்புளம் இருக்கோ? எனக்கு அம்மாளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த மனுசன் தாற குளிசை இல்லாமல் சாகிறன்!"

அப்போதிக்கரி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றரை வருடம் பார்த்த முகம்.

"ஆர் இது? எனக்கு இந்த ஆளைத் தெரியாது. விசர் போல" என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.

அவ்விடத்திலேயே மண்ணில் குந்தினேன். எல்லோரும் போயும் ஒருத்தி மட்டும் போகவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் சல்லி ஊர் மீன்காரி. கெளிறு மீனின் முள் குத்தி வீங்கிய விரலுக்கு மருந்து கட்ட வந்திருந்தாள்.

"அப்ப உனக்கு அம்மாள் போடேல்லையோ?"

"இல்லை."

"அந்த இலையால உங்கட ஒழுங்கையில நாலு நாளா ஒருத்தரும் மீன் வாங்கேல்லை, தெரியுமோ? மீன் கடகத்தைச் சுமந்துகொண்டு நான் இஞ்ச வரைக்கும் நடக்கிறன். நீ குளிசை தேடி வந்தனியோ?" காறித் துப்பினாள். "எழும்பு. நட வீட்ட."

நடந்தேன். இன்னொரு டிஸ்பென்சரி எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டுதான் நடந்தேன். அவளுக்கு அது விளங்கியிருக்க வேண்டும், எனக்குப் பின்னால் மாட்டை விரட்டிச் சாய்ப்பவள் போல வந்தாள். நான் நின்றால், "இருந்தாயெண்டா கடகத்தை உன்ர தலையில கவிட்டுவன்" என்பாள். வயிறு பிடித்து இழுக்கப் பற்றைக்குள் ஓடினால், மற்றப் பக்கம் திரும்பி நின்று, "கெதியா வா, மீன் பழுதாகுது" என்று கத்துவாள். வழி முழுக்க ஏச்சு. ஒரு இடத்தில் நான் அழுதேன். "மூக்கைத் துடை" என்றாள்.

மனைவி ஈரத் தலையோடு படலையில் நின்றாள். மீன்காரி கடகத்தை வெளியே இறக்கிவிட்டு, வேப்பிலையைக் கையால் விலக்கி உள்ளே வந்தாள். அம்மாள் வீட்டுக்கு மீன் மணமே ஆகாது. மீன்காரி வாசலையே மிதிக்கமாட்டாள். முன்வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் பார்த்ததை நான் கண்டேன். மீன்காரியும் கண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள், காலையில் வந்து மத்தியானம் வரை இருந்தாள். என் கால்களைத் தன் மடியில் போட்டு, விறகு கட்டுவது போல் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கஞ்சியைப் பருக்குவாள், சத்தி எடுத்தால் ஏசிக்கொண்டே துடைப்பாள்.

"எனக்காக எதுக்கு வாறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உனக்கு ஆர் வந்தது? உன்ர மனுசி, அந்தப் பிள்ளை, நித்திரை கொள்ள வேணும். நீ செத்தாலும் எனக்கென்ன."

பதினோராம் நாள் எனக்குப் பசித்தது. கால் சும்மா கிடந்தது. மனைவி வேப்பிலையை அவிழ்த்தாள். அடுத்த கிழமை வின்சில் ஏறினேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

கதை இதோடு முடிந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன்.

சில நாளில் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே கொப்புளிப்பான் வந்தது. மீன்காரிதான் எங்கள் வீட்டை மிதித்து, அம்மாளைக் கோபப்படுத்தி, அம்மை வருத்தத்தைக் காலில் கொண்டு வந்தாள் என்று முடிவு கட்டினார்கள். பிள்ளை சுகமாகிய பிறகும் அவளிடம் ஒரு வீடும் மீன் வாங்கவில்லை. நாங்கள் மட்டும் வாங்கினோம். ஒரு வீட்டுச் சட்டிக்கு எவ்வளவு மீன் வேண்டும்?

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் பிழைப்புத் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ" என்று மனைவி ஒவ்வொரு நாளும் சொன்னாள். வின்ச் போய்விடும் என்று நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. மீன்காரி நிறைந்த கடகத்தோடு எங்கள் படலையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பில் மருந்து இல்லை. ஆனாலும் இருக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை, அந்தப் பிள்ளையின் தாய் நடு ஒழுங்கையில் அவளை மறித்தாள்.

"உன்னாலதான்டி என்ர பிள்ளை கிடந்தது!"

"ஓம் பிள்ளை, ஓம்" என்று ஆமோதித்துவிட்டு மீன்காரி கடகத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

அந்த "ஓம்" எனக்குத் தாங்கவில்லை. வெறும் மேலோடு வெளியே போனேன்.

"எங்கட வீட்டில அண்டைக்கு அம்மாள் இல்லை. நான் குளிசைக்கு அடிமைப்பட்டுக் கிடந்தனான். இவதான் என்னைப் பிடிச்சு வைச்சிருந்தவ. பொய் சொன்னது நான்."

முன்வீட்டுக்காரிதான் முதலில் கேட்டாள்.

"அப்ப நான் தந்த இளநீர்?"

"அதுவும் குடிச்சனான்."

ஒருத்தர் துப்பினார். இரண்டு பேர் சிரித்தார்கள். மீன்காரிக்குத்தான் கோபம் வந்தது.

"உன்னை ஆர் கேட்டது? வேலைக்குப் போற மனுசனுக்கு இந்தக் கதை தேவையோ? வாயை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது!"

அவள் ஏசிக்கொண்டிருக்க, பிள்ளையின் தாய் குனிந்து கடகத்தின் மூடியைத் திறந்து, "சூடை மீன் இண்டைக்குப் பிடிச்சதோ?" என்று கேட்டாள்.

மூன்று நாளில் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. வின்சிலிருந்து என்னை இறக்கிக் கிடங்குக்குள் மூட்டை இழுக்க விட்டார்கள். மருந்தோடு இருந்தவனை ஒன்றரை வருடம் வைத்திருந்து, தெளிந்தவனை இறக்கினார்கள் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அதைவிட ஆத்திரம் என் மேல்தான். யாராவது என்னை மனவுறுதி உள்ள ஆள் என்று சொல்லும்போதெல்லாம், என் பெயரைக் காப்பாற்றி ஒரு மனுசி தன் பிழைப்பை இழந்துகொண்டிருந்ததை இரண்டு மாதம் படலையில் நின்று பார்த்தவன் நான்தானே என்று நெஞ்சு குத்துகிறது, அதற்கு மட்டும் நான் எந்த மருந்தும் தேடுவதில்லை.