லிசி கொடுக்காத மீன்

ரசியா டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சுப் பழக்குவது லிசிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளோடு மூடிய அறைக்குள் அப்படி என்ன ரகசியம்?

லிசியின் தம்பி ஜெபினுக்கு ஆறு வயது. கெட்டிக்காரன். நீண்டகரைத் துறைமுகத்துக்குத் திரும்பும் படகு யாருடையதென்று ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் எந்தச் சொல்லையும் முடிக்க மாட்டான். பால் 'பா' ஆகும், மீன் 'மீ' ஆகும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தே அழவைப்பார்களே என்றுதான் இங்கே கூட்டிவந்தாள்.

அன்று ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். மேசைமேல் பொரித்த மத்தி மீன். ஜெபின் "மீ, மீ" என்று கையை நீட்டுகிறான். டீச்சர் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா சிரிக்கிறாள்.

லிசி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "பச்சப் புள்ளைய இப்படி ஏங்க விடுறீங்களே டீச்சரே, இதுதான் உங்க படிப்பா?"

"வீட்டுல 'மீ'ன்னு சொன்னதும் யாரு எடுத்துக் குடுக்கறது?"

"நான்தான். என் தம்பி மனசு எனக்குத் தெரியாதா?"

"அதான் மோளே. பாதியிலயே கெடச்சுட்டா, மீதிய அவன் எதுக்குச் சொல்லணும்?"

நல்ல சாக்கு என்று நினைத்தாள் லிசி. இருந்தாலும் மறுநாள் மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது சோதித்துப் பார்த்தாள். அவன் "மீ" என்றதும் தானாக நீண்ட கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஜெபின் அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தான். உதடு பிதுங்கியது. கண் கலங்கியது என்னவோ லிசிக்குத்தான்.

"மீ...ன்!" என்றான் கோபமாக.

பெரிய மத்தியாகப் பார்த்து எடுத்துவைத்தாள். அவன் சந்தேகம் தீராமல் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றான்.