அவள் நம்பருக்குப் போன ஆறு இலக்கம்

நான் நான்தான் என்று நிரூபிக்கச் சொல்லி எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி என் உயிரை வாங்கியது. ஓட்டுப் போடப் போனபோதுகூட என்னை இவ்வளவு கேட்டதில்லை.

போன வருடம் மனைவி இறந்துபோனாள். அவள் பேசுவது ஒரே ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. காப்பிப் பழம் பறித்துக்கொண்டே, வேலை செய்யாமல் படம் எடுக்கிற என்னைத் திட்டுகிறாள். போனில் இடம் நிறைந்துவிட்டது, கிளவுடில் ஏற்றினால் காலத்துக்கும் பத்திரம் என்று அந்தப் போனே சொன்னது. நம்பி ஏற்றினேன். உடனே போனில் இருந்ததை அழித்து இடத்தைக் காலி செய்துகொடுத்தது. என்ன ஒரு அக்கறை!

இந்த வருட மழையில் போன் நனைந்து செத்தது. ஒண்டிக்கடை பஜாரில் புதிது வாங்கிப் பாஸ்வேர்டைப் போட்டேன். பாஸ்வேர்டு சரிதானாம். ஆனால் போன் புதிதாம், சந்தேகமாம். பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி அனுப்புவார்களாம், அதைப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம்.

அந்த நம்பர் அவளுடையது. மாரமங்கலத்தில் எங்கள் மலைச்சரிவில் அவள் சிம்முக்கு மட்டும்தான் டவர் கிடைக்கும். எங்கள் பக்கம் எந்த சிம்முக்கு டவர் வருகிறதோ அதுதான் குடும்பத்துக்கே நம்பர். கேஸ், பேங்க், ரேஷன், எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்திருந்தோம். அவள் போன பிறகு ரீசார்ஜ் செய்ய மனம் வரவில்லை. கேஸ்காரரும் பேங்க்காரரும் இறப்புச் சான்றிதழைப் பார்த்து நம்பரை மாற்றிக்கொடுத்தார்கள். இந்தக் கிளவுட் கம்பெனியில் அதைக் காட்ட ஆளே கிடையாது. ‘உதவி’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் கேள்வி மேல் கேள்வி. எல்லாம் முடிந்து, ‘இது உதவியாக இருந்ததா?’ என்று வேறு கேட்கிறது. ரேஷன் கடையில்கூடத் திட்டுவதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியில், என் சிம்முக்கு டவர் வரும் பஸ் ஸ்டாப்பில் நின்று அந்த நம்பருக்கே கூப்பிட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்தார். சிம் கம்பெனி நம்பரை அவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுங்க.”

“எங்க ஊட்டுக்காரி நம்பருங்க இது. அது செத்துப்போயிருச்சுங்க. அது பேசுன வீடியோ உள்ள மாட்டிக்கிச்சுங்க.”

“இப்படிச் சொல்லித்தானுங்க நொம்பப் பேரு ஏமாத்தறாங்க. போனை வைங்க.”

அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனைவியின் வீடியோவுக்கு என்னைவிட அவருக்குத்தான் உரிமை என்று முடிவு செய்த அறிவாளிகளைத்தான் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப முயன்றேன். சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று கணக்கையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘ஊடு’ என்று வந்தது. வீட்டுக்கே அதுதான் நம்பர் என்பதால் என் சிம்மில் அப்படித்தான் பதிந்திருந்தேன். எடுத்து, “இதா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, நேத்து பேசுனீங்களே, நாந்தானுங்க. மனசே கேக்கலீங்க. அந்த ஓடிபி நம்பரைச் சொல்லட்டுங்களா?”

இனி அது எதற்கும் ஆகாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சொல்லுங்க” என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.