பந்தலுக்கு இடம் விடாத முற்றம்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், எங்கள் பௌதிகவியல் ஆசிரியரின் சைக்கிள் பின்சில்லுக் காற்று இன்று காலை நல்லூரில் இறைபதம் எய்திவிட்டது. அன்னார் முன்சில்லின் பாசமிகு சகோதரரும், மணியின் மாமனாரும் ஆவார். ஈமக்கிரியைகள் ஒட்டுப் போடும் கடையில்...

டியூட்டரி வகுப்பில் வாங்குப் பலகை மேல் ஏறி நின்று நான் இப்படி அறிவித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. வாசலில் என் தம்பி நின்றான். உடுவிலிலிருந்து சைக்கிள் உழக்கி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணை, சிவநேசண்ணை செத்துப்போனார்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனையும் நான்தான் ஏவிவிட்டேன் என்று நினைத்தார்கள். அவன் அழத் தொடங்கியதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், நடிப்பு நன்றாயிருக்கிறதாம்.

நெருப்புக் காய்ச்சல். வயது இருபத்தாறு.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சடிக்கும் இந்த அந்தியேட்டி மலருக்கு "அன்பாளர், பண்பாளர் என்று ஏதும் எழுதித் தா" என்றார்கள். அது மற்றப் பக்கங்களில் தாராளமாக இருக்கிறது. நான் அடுத்த வீட்டுக்காரன். வேலிக்கு மேலால் கண்டதைத்தான் எழுத முடியும்.

எங்கள் ஊரில் தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை. அந்த ஊரில் பிறந்துகொண்டு, வீட்டையும் பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் சுற்றிக் கிடக்கும் நிலத்தை வடிவமைப்பதே தன் தொழில் என்றார் அண்ணை. அவருடைய தகப்பனார் மார்க்கண்டு மாமாவுக்கு அது விளங்கவில்லை.

"தோட்டம் கொத்திறதுக்கு உவ்வளவு படிப்பு எதுக்கடா? மண்வெட்டி மாட்டுக்கொட்டிலுக்கை கிடக்கு, எடன்."

"ஐயா, வீடு கட்டிறவன் சுவரோடை நிப்பாட்டிப்போடுவான். அங்காலை மழை எங்கை போகுது, நிழல் எங்கை விழுகுது எண்டு ஆர் பாக்கிறது?"

"மழை பள்ளத்துக்குப் போகும். நிழல் வெயிலுக்கு மற்றப் பக்கம் விழும். இதுக்கொரு உத்தியோகமோ?"

அண்ணை முதலில் கட்டடக்கலை படித்து, அதன் வழியே போக நினைத்தார். புள்ளிகள் போதும் என்றிருந்த வேளையில், பல்கலைக்கழகம் போகும் தமிழ்ப் பிள்ளைகளின் புள்ளியை வெட்டும் தரப்படுத்தல் வந்தது. தரமாட்டோம் என்பதைச் சிலர் அப்படித்தான் நீட்டிச் சொல்வார்கள். அண்ணை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞரானார். ஆனாலும் விடவில்லை. லீவு எடுத்துக் கொழும்புக்குப் போய், இந்தத் தொழில் செய்கிற ஒரு கட்டடக்கலைஞரின் கதவைத் தட்டினார். அவர், "கீறின படமெல்லாம் வேண்டாம். நீர் செய்த ஒரு இடத்தைக் காட்டும், வேலைக்கு எடுக்கிறன்" என்றாராம். ஒரே ஒரு இடம். அதுதான் அண்ணைக்குத் தேவைப்பட்டது.

ஊரில் ஆர் இடம் கொடுப்பார்? தன் வீட்டு முற்றத்தையே கேட்டார். மார்க்கண்டு மாமா துள்ளி எழும்பினார்.

"முத்தத்திலை மரமோ? நல்லது கெட்டதுக்குப் பந்தல் எங்கை போடுறது?"

நம்மவர்களின் நிலவடிவமைப்புச் சாத்திரம் முழுவதும் அந்த ஒரு வரிதான். என்றோ வரப்போகும் ஒரு கலியாணத்துக்கும் ஒரு சாவுக்குமாக, முற்றத்தைக் காலமெல்லாம் கூட்டிக் கூட்டி வெயிலில் காயவிடுவோம். நீண்ட பேரத்தின் பின் பாதி முற்றம் கிடைத்தது.

மேற்கு வெயில் விழும் பக்கத்தில் கொன்றையும் மருதும் வேம்பும் வைத்தார். கூரைத் தண்ணீர் வெளியே ஒழுங்கைக்கு ஓடிவிடாமல், மரத்துக்கு மரம் சுற்றிப்போக ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று வெட்டினார். முதல் மாரியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டியை ஓட்டிச் சாய்ப்பவர்போல் தண்ணீருக்குப் பின்னால் ஓடினார்.

"பாரடா, சொன்னபடி போகுது!"

"உங்கடை வீட்டிலை உங்கடை சொல்லுக் கேக்கிறது உது ஒண்டுதான் அண்ணை," என்றேன். அவர் அடித்த சேறு வேலி தாண்டி என் முகத்தில் விழுந்தது.

இன்னொரு நாள், "உந்த மரங்களுக்கும் புள்ளி வெட்டுவினமோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"புள்ளி வெட்டினவன் தூரத்திலை இருக்கிறான். மரம் வெட்டுறவன் எப்பவும் பக்கத்திலைதானடா இருப்பான்."

மரங்கள் ஆளுயரம் தாண்டின. நல்லூர்க் கோயில் தேருக்கு வரும்போது முற்றத்தைப் பார்க்க வருவதாக அந்தக் கொழும்புக்காரரும் சொல்லியனுப்பினார். திருவிழாக் கொடியேறிய கிழமை அண்ணை படுத்தார். பிறகு எழும்பவில்லை.

செத்தவீட்டன்று, நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் வந்துவிட்டார்கள். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் முற்றத்தில் நின்று உத்தரவு போட்டார்.

"உதுகளைத் தறியுங்கோ. கதிரை எங்கை போடுறது?"

"சிவநேசன் ஆசையா வைச்சதல்லோ?" என்றார் பந்தல்காரரில் ஒருவர்.

"அவனே போய்ச் சேந்திட்டான். இனி ஆருக்கு நிழல்?"

தறித்தார்கள். வாய்க்காலை மூடி மிதித்தார்கள். பிறகு, சோடனைக்கு வாழைமரம் வெட்டிவந்து வாசலில் கட்டினார்கள். வேரோடு நின்றதை வெட்டி, வேரில்லாததை நட்டுவைக்கிற இந்தக் கெட்டித்தனம் வேறு எந்தச் சாதி சனத்துக்கு வரும்? பந்தலுக்குள் விசிறிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதையும் என் காதால் கேட்டேன்: "சரியான வெக்கை. ஒரு மரங்கிரம் நிண்டிருக்கலாம்."

அவரும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார். வணக்கம் ஐயா.

தேரன்று கொழும்புக்காரர் வந்தார். சாவு அவருக்குத் தெரியாது. கேள்விப்பட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கியவர், "அவர் செய்த இடம் எது?" என்று கேட்டார்.

"நீங்கள் நிக்கிற இடந்தான்," என்றேன்.

அவர் கூட்டின மணலைப் பார்த்தார். மார்க்கண்டு மாமா மெல்ல, "துப்பரவாக்கி வைச்சிருக்கிறம் ஐயா," என்றார். மகனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார். அதற்கு மேல் அவரைக் குத்த எனக்கு மனமில்லை.

"வேறை ஏதும் செய்தவரோ?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஓம் ஐயா. எங்கடை வளவிலை ஒண்டு இருக்கு. அண்ணையின்ரை கொன்றையை நான் காப்பாத்தி வளர்க்கிறன். அடுத்த தேருக்கு வாங்கோ, காட்டுறன்," என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பிறகு அந்தக் கதையை டியூட்டரியிலும் சந்தியிலும் நானே பெருக்கிச் சொன்னேன். கடைசியாகச் சொன்னபோது அது ஒரு சோலையாகிவிட்டிருந்தது.

அண்ணை எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை, நான் கேட்கவுமில்லை. ஆனாலும், கிணற்றடியில் குளிக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று இப்போது பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பார்வைதான்.

அந்தச் சோலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தறித்த குவியலிலிருந்து இழுத்துவந்து கிணற்றடியில் ஊன்றிய ஒரே ஒரு கொப்பு அது. போன கிழமை துளிர்த்தது. ஊரைக் கூட்டாத குறையாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா இலையைக் கசக்கி மணந்து பார்த்தார்.

"உது கொன்றையில்லையடா விசரா, கிளுவை. மரக்கண்டு சாயாமல் அவன் முட்டுக் குடுத்துக் கட்டின வேலிக் கதியால் தடி."

தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். கொழும்புக்காரருக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.